மூட்டைக்கு லத்தீன் பெயர் வைத்தவர்

மனிதரில் நாமகரணர் என்றொரு இனம் உண்டு. எல்லா ஊரிலும் உண்டு, எல்லாத் தெருவிலும் உண்டு, பஸ்ஸில் உங்கள் பக்கத்து ஸீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கூரை ஒழுகுகிறது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். மற்றவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், ஏணி தேடுவார்கள், ஒன்றும் தோன்றாவிட்டால் ஒரு வாளியாவது கொண்டுவந்து வைப்பார்கள். நாமகரணர் இதில் எதுவும் செய்ய மாட்டார். கண்ணை மூடி ஒரு கணம் யோசிப்பார். "இதுக்கு ஸீப்பேஜ்னு பேர்" என்பார். சொன்ன மாத்திரத்தில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பனுக்குக்கூட அப்படி வராது. தண்ணீர் அவர் தலையிலேயே சொட்டிக்கொண்டிருக்கும். அதனால் என்ன? பெயர்தான் தெரிந்துவிட்டதே!

இந்த இனத்தில் உட்பிரிவுகள் பல. மின்சாரம் இல்லை என்று போய்க் கேட்டால் 'லோட் ஷெட்டிங்' என்று சொல்லி அனுப்பிவிடும் ஆபீஸ்காரர்கள் ஒரு பிரிவு. வயிற்றுவலி என்று போய் நின்றால், அந்த வலியையே இங்கிலீஷில் எழுதித் திருப்பித் தருகிற வைத்தியர்கள் இன்னொரு பிரிவு. ஆனால் இந்த இனத்தின் சுத்தமான மாதிரியை, கலப்படம் இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால், எழுபதுகளின் கடைசியில் நீங்கள் மட்டாஞ்சேரிக்கு வந்திருக்க வேண்டும். அரிசிக் கோடவுன்களுக்குப் பின்னால் ஓடுகிற சந்தில், மிளகு நெடியும் காயல் நாற்றமும் ஒன்றாகக் கலந்து அடிக்கிற இடத்தில், ஓட்டு வீடு ஒன்றில் குடியிருந்தார் பிச்சுமணி.

பிச்சுமணி ஓர் அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. பாலக்காட்டு வம்சம்தான்; ஆனால் படித்ததும் வளர்ந்ததும் பொள்ளாச்சியில், மாமா வீட்டில். பி.எஸ்ஸி. ஸுவாலஜி எடுத்தார். கெமிஸ்ட்ரி காலை வாரிவிட்டது. மறுபடி எழுதினார், மறுபடியும் வாரிவிட்டது. பட்டம் கைக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக, பூச்சி புழுக்களின் லத்தீன் பெயர்கள் ஒரு கட்டு அவருடைய தலையில் தங்கிவிட்டன. பட்டம் வாங்கினவர்கள் எல்லாம் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிட்ட பெயர்கள்! வாங்காத பிச்சுமணி மட்டும் ஆயுசுக்கும் மறக்கவில்லை.

சாயாக் கடைக்குப் போவார். சாயாவில் ஈ விழுந்திருக்கும். நீங்கள் என்றால் முகத்தைச் சுளித்து வேறு சாயா கேட்பீர்கள். பிச்சுமணி கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மஸ்கா டொமெஸ்டிகா" என்பார். மட்டாஞ்சேரியில் குஜராத்தி வியாபாரிகள் வெண்ணெயை மஸ்கா என்பார்கள். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே சொன்னார்:

"மஸ்கா வேணமெங்கில் பன்னு வாங்கணும் ஸ்வாமி. சாயாவில் இடில்லா."

பிச்சுமணி அந்த அறியாமைக்காக இரக்கப்பட்டு, ஈயை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, சாயாவைக் குடித்தார்.

மண்டியிலும் இதே கதைதான். அரிசியில் வண்டு இருக்கிறது என்று கோட்டயத்து வியாபாரி ஒருவர் டிரங்க் காலில் கத்தினார். பிச்சுமணி அமைதியாக, "அது சைட்டோஃபிலஸ் ஒரைசே ஆக்கும்" என்றார். மறுமுனையில் கத்தல் நின்றது. பிறகு மரியாதையாக ஒரு குரல்: "அது ஐ.ஆர். எட்டு மாதிரி புது ரகமா ஸ்வாமி? பொன்னியைவிட ஒசத்தியா?" முதலாளி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து புகார் டெலிபோன் எது வந்தாலும் பிச்சுமணி கையில் கொடுத்துவிடுவார். லத்தீன் சோறு போடாது என்று யார் சொன்னது?

ஆனால் இத்தனை லத்தீனுக்கும் அடியில் ஒரு காயம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பிச்சுமணிக்கு நாம் நியாயம் செய்தவர்கள் ஆக மாட்டோம்.

பொள்ளாச்சியிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. காயல் வழியாக வள்ளத்தில் அரிசி வந்து இறங்கியது. மாடியில் இருந்த முதலாளிக்குக் கேட்க வேண்டும் என்று, புது வேலைக்காரனுக்கே உரிய உற்சாகத்தோடு, கையை வாயருகே குவித்துக்கொண்டு பிச்சுமணி கூவினார்: "முந்நூறு மூட்டை வந்தாச்சு!"

பொள்ளாச்சியில் அரிசி மூட்டையில் வரும். மட்டாஞ்சேரியில் அரிசி சாக்கில்தான் வரும். மலையாளத்தில் மூட்டை என்றால் ஒரே அர்த்தம்தான். கட்டிலில் இருப்பது, ராத்திரி கடிப்பது, நசுக்கினால் நாறுவது. தலைச்சுமையோடு பலகையில் நடந்துகொண்டிருந்த சுமட்டுத் தொழிலாளிகள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களில் ராசப்பன் என்று ஒருவன். வாய்த்துடுக்குக்காரன். சாக்கை இறக்கி வைத்துவிட்டு, மிகவும் பணிவாகக் கேட்டான்: "எல்லாம் எண்ணித் தீர்ந்தோ ஸ்வாமி? ஆண் எத்ர, பெண் எத்ர?"

அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் பஜார் ரோடு முழுவதும் அவருக்குப் பெயர் 'மூட்ட ஸ்வாமி'. ஊருக்கெல்லாம் பெயர் வைக்கப் பிறந்தவருக்கு ஊர் வைத்த பெயர்! கல்யாணம் ஆனது, பெண் பிறந்தாள், தலை நரைத்தது. பெயர் மட்டும் நரைக்கவில்லை. ஆகவே பிச்சுமணியின் வீட்டில் அந்த வார்த்தைக்குத் தடை. வீட்டுக்குள் யாரும் அதை உச்சரிக்கக்கூடாது. சந்தில் போகிறவன் காதில் விழுந்தால் என்ன ஆகும்?

வார்த்தைக்குத் தடை போட்டாரே தவிர, பூச்சிக்குத் தடை போடவில்லை. அது பாட்டுக்கு வந்து, பிரம்பு ஸோஃபாவில் குடியேறி, பிரம்பு நாற்காலிகளில் பல்கி, கட்டிலுக்கும் போய்ச் சேர்ந்தது. எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் தம்பதிகளுக்குள் அபிப்ராய பேதம். மண்டியிலிருந்து அவர் வேஷ்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது என்பது மனைவி திரிபுரசுந்தரியின் கட்சி. மாமனார் வீட்டுச் சீர் மெத்தையில் வந்தது என்பது இவர் கட்சி. வெந்நீரைக் கொதிக்கவைத்து ஊற்றி, வெயிலில் போட்டு, மண்ணெண்ணெய் தடவினால் போய்விடும் என்று அந்த அம்மாள் சொல்லாத நாள் கிடையாது. பிச்சுமணி சொல்லிவிட்டார்:

"சத்ரு யாருன்னு தெரிஞ்சுக்காம யுத்தம் பண்ணப்படாது. இதோட முழுப்பேர் சைமெக்ஸ் லெக்டுலேரியஸ். இனிமே இந்தாத்துல இதை அப்படித்தான் சொல்லணும்."

"சொன்னாப் போயிடுமா?"

"முதல்ல சொல்லிப் பழகு."

பெண் ஸ்வர்ணலதா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவள், சிரித்த முகம். "அந்தப் பேருக்கு அர்த்தம் என்னப்பா?" என்று கேட்டாள்.

பிச்சுமணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாழ்நாளில் இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவர் அல்லவா? "சைமெக்ஸ்னா அந்தப் பூச்சி. லெக்டுலேரியஸ்னா படுக்கையைச் சேர்ந்தது. படுக்கைக்காரன்னு வெச்சுக்கோயேன்."

"அப்போ ரோம்காரா அதைப் பார்த்து, அவா பாஷையில மூட்டைன்னுதானே சொல்லியிருக்கா? நாம மாத்திரம் என்னத்துக்கு..."

"ஷ்! வார்த்தையைச் சொல்லாதே! சந்துல ராசப்பன் நிக்கறான்!"

திரிபுரசுந்தரிக்கு அந்தப் பெயர் முழுசாக நாக்கில் நிற்கவில்லை. சைமெக்ஸை முதல் நாளே விட்டுவிட்டாள். லெக்டுலேரியஸ், லெக்டுலர் ஆகி, அதுவும் தேய்ந்து, 'லெக்ட்ரர்' என்று நின்றது. அதோடு ஒரு குறும்பும் சேர்ந்துகொண்டது. "இத்தனை பெரிய பேர் வெச்சிருக்கேள், அது இதுன்னு சொன்னா மரியாதையா இருக்குமா?" என்று சொல்லி, 'அவர்' போட்டே பேச ஆரம்பித்தாள். "நேத்து லெக்ட்ரர் என்னைத் தூங்கவே விடலை." "தலகாணிக்கு அடியில லெக்ட்ரர் குடும்பத்தோட இருக்கார்." பிச்சுமணிக்கு இதில் இருந்த கேலி புரியவில்லை. புரிந்தாலும் கோபம் வந்திருக்காது. பேர் நிலைத்துவிட்டது, அதுதானே முக்கியம்?

இப்படி இருக்கும்போதுதான் ஸ்வர்ணலதாவுக்கு வரன் வந்தது.

வராத வரன் வந்தது என்று சொல்ல வேண்டும். இரண்டு மூன்று இடம் ஜாதகத்தில் தட்டிப்போய், ஒரு இடம் எல்லாம் கூடிவந்து கடைசியில் கைநழுவி, திரிபுரசுந்தரி வேண்டாத தெய்வம் பாக்கி இல்லை. இந்த வரன் வீட்டார் காயலுக்கு அக்கரையில், கலூர்க்காரர்கள். பையன் விஸ்வேஸ்வரனுக்கு எறணாகுளத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உத்தியோகம். தகப்பனார் வெங்கிடராமன் ரெயில்வேயில் ரிடையர் ஆனவர். தாயார் சீதாலக்ஷ்மி. கோவிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்துவிட்டு, அவர்களாகவே சொல்லி அனுப்பினார்கள். பையனுக்குப் பிடித்திருக்கிறதாம். ஸ்வர்ணலதாவுக்கும் பிடித்திருந்தது. அவள் வாய் திறந்து சொல்லவில்லை; ஆனால் சமையலறையில் பாட்டு முணுமுணுத்தாள். பிச்சுமணி அதைக் கேட்டார். பெண்ணின் பாட்டுக்கு மட்டும் அவர் எந்தப் பெயரும் வைக்கவில்லை.

வியாழக்கிழமை வருகிறார்கள் என்று முடிவானது. இடவப்பாதி மழை கொட்டுகிற சமயம். திரிபுரசுந்தரி இரண்டு நாள் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"கேட்டேளா, அந்தப் பிரம்பு நாற்காலியெல்லாம் தூக்கிக் கொல்லையில போடுங்கோ. வெந்நீர் நான் வெச்சுத் தரேன். இல்லேன்னா எல்லாருக்கும் பாயே விரிச்சுடலாம்."

"ரெயில்வே ஆபீஸரைப் பாயில உக்காத்தி வெக்கறதா? மழையில நனைஞ்சா பிரம்பு இத்துப்போயிடும்டீ. மேலும் லெக்டுலேரியஸ் பகல்ல அவ்வளவா வெளியில வராது. அதோட சுபாவம் அப்படி. புஸ்தகத்திலேயே இருக்கு."

"புஸ்தகம் உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா?"

 பிச்சுமணி வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். வந்தவர்கள் முன்னால் அந்த வார்த்தை வாயில் வரவே கூடாது. அவசரம் என்றால் 'லெக்ட்ரர்' என்று சொன்னால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை வந்தது. கலூர்க்காரர்களும் நனைந்த குடையோடு வந்தார்கள். வெங்கிடராமன் நல்ல கனத்த சரீரம். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்ததும் அது ஒரு பெருமூச்சு விட்டது. பையன் ஸோஃபாவில் ஓரமாக, சாயாமல் உட்கார்ந்தான். சீதாலக்ஷ்மி மட்டும் பெண்கள் பக்கம் போய் நின்றுகொண்டாள். நேந்திரங்காய் வறுவல் வந்தது, கேசரி வந்தது, காப்பியும் வந்தது. ஸ்வர்ணலதா நமஸ்காரம் பண்ணினாள். பையன் பார்த்தான், அவளும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் வெங்கிடராமன் தொடையைச் சொறிந்தார். பிறகு முழங்கை. பிறகு, கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முதுகு. பிச்சுமணி அவசரமாக வறுவல் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ" என்றார் வெங்கிடராமன். "எனக்கு ரொம்ப வருஷமா அர்ட்டிகேரியா."

அர்ட்டிகேரியா! பிச்சுமணியின் காதில் தேன் பாய்ந்தது. "ஆஹா, லத்தீன்! உர்டிகான்னா காஞ்சொறிச் செடி. அது பட்டா எப்படித் தடிக்குமோ அந்த மாதிரின்னு அர்த்தம்."

"அட, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே! டாக்டரே எனக்கு இத்தனை விவரமாச் சொல்லலை!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஆசையோடு பார்த்துக்கொண்டார்கள். வெளியூரில் சொந்த ஊர்க்காரனைச் சந்தித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. சம்பந்தி என்றால் இவரல்லவா சம்பந்தி என்று பிச்சுமணி மனதுக்குள் தாம்பூலமே மாற்றிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துச் சமையலறை வாசலிலிருந்து திரிபுரசுந்தரி கண்டுவிட்டாள். பையனுடைய வெள்ளைச் சட்டையின் காலரில், கொழுத்த ஒன்று, அவசரமே இல்லாமல், கழுத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"கேட்டேளா! லெக்ட்ரர் வந்துட்டார்!"

ரகசியமாகத்தான் சொன்னாள். ஆனால் பதற்றத்தில் சொன்ன ரகசியம், மழைச் சத்தத்தையும் தாண்டி எல்லார் காதிலும் விழுந்தது.

பிச்சுமணி திரும்பாமலே, "இருக்கட்டும், இருக்கட்டும். கண்டுக்காதே" என்றார்.

"யாரு வந்திருக்கா?" என்று வெங்கிடராமன் வாசலைப் பார்த்தார். வாசலில் மழைதான் இருந்தது. "லெக்சரரா?"

"ஒண்ணுமில்லை. நம்மாத்துலயே... இருக்கறதுதான்."

"ஓ, ஆத்துல ஒரு லெக்சரர் இருக்காரா? வாடகைக்கா?"

நாமகரணருக்கு ஒரு பெயரை விட்டுக்கொடுக்கத் தெரியாது. பொய் சொல்லவும் பிச்சுமணிக்கு வராது. நடுவில் மாட்டிக்கொண்டு, "வாடகையெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்றார்.

"எத்தனை நாளா இருக்கார்?"

"அது ஆச்சு, ரொம்ப வருஷமா" என்று உள்ளேயிருந்து திரிபுரசுந்தரியின் பெருமூச்சு பதில் சொன்னது.

வெங்கிடராமன் புருவத்தை உயர்த்தினார். இதற்குள் சீதாலக்ஷ்மி பின்கட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அங்கே ஸ்வர்ணலதா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். மாமி சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்: "ஏண்டிம்மா, உங்காத்துல லெக்சரர் இருக்காராமே? எந்த ரூம்ல இருக்கார்?"

ஸ்வர்ணலதாவுக்கு அப்பாடா என்று இருந்தது. அப்பாவே விஷயத்தை உடைத்துவிட்டார், மாமி தமாஷாக எடுத்துக்கொண்டுவிட்டாள், இனி மூடிவைக்க ஒன்றும் இல்லை என்று நினைத்தாள். எப்போதும் போலச் சிரித்தாள்.

"ரூம் என்ன ரூம் மாமி! என் கட்டில்லதான் ஜாஸ்தி. லைட்டை அணைச்சாப் போறும், வந்துடுவார். அம்மாவும் பார்த்துட்டா, அப்பாவும் பார்த்துட்டார். யாரு என்ன பண்றது? பழகிப்போச்சு!"

சீதாலக்ஷ்மி கையிலிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. "கிளம்புங்கோ" என்றாள்.

"என்னடீ?"

"வெளியில போய்ச் சொல்லறேன். விசு, எழுந்திரு. அந்தப் பொண்ணே தன் வாயால சொல்லிட்டா. லெக்சரராம்! அவ கட்டில்லயாம்!"

பிச்சுமணி தடாலென்று எழுந்தார். "ஐயோ மாமி! அது மனுஷனே இல்லை!"

"அது எங்களுக்கும் தோணித்து" என்றார் வெங்கிடராமன், குடையைத் தேடிக்கொண்டே. "இப்படிப்பட்டவனை யாரு மனுஷன்னு சொல்லுவா?"

"இல்லை இல்லை! அது ஹெமிப்டெரா வர்க்கம்... ஆறு கால்..."

"ஆறு காலோ எட்டுக் காலோ, எங்களுக்கு வேண்டாம் ஓய்."

"ரத்தத்தை உறிஞ்சறது அதோட ஆகாரம்... லெக்டுலேரியஸ்னா படுக்கைக்காரன்னு அர்த்தமாக்கும்..."

"வெக்கமில்லாம அர்த்தம் வேற சொல்லறாரே!" என்று சீதாலக்ஷ்மி காதைப் பொத்திக்கொண்டாள்.

பாவம் பிச்சுமணி. தெரிந்த பெயரையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வீசினார். ஒவ்வொன்றும் பெண்ணின் மானத்தில் இன்னொரு கறையாகப் போய் விழுந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். சின்ன வார்த்தை. ஆனால் ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே, மழைக்கு ஒதுங்கிய சுமட்டுத் தொழிலாளிகள் கூரை இறவாணத்தின் கீழே வரிசையாக நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ராசப்பன். இத்தனை வருஷமாகத் தன் வீட்டுக்குள் நுழையவிடாமல் வைத்திருந்த அந்தப் பெயர், இப்போது வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றது. இந்த சம்பந்தி, லத்தீன் தெரிந்த சம்பந்தி, தன்னை மரியாதையோடு பார்த்த முதல் மனிதர், அவர் எதிரிலா?

அப்போது பின்கட்டு வாசலில் ஸ்வர்ணலதா வந்து நின்றாள். கையில் கழுவின டம்ளர். என்ன நடந்தது என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. அந்தச் சிரிப்பு போய்விட்டிருந்தது. அவள் அழவில்லை. அப்பாவைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பிச்சுமணி ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தார். வேஷ்டியை இழுத்துக் கட்டிக்கொண்டார். அன்று வள்ளத்தைப் பார்த்துக் கூவின அதே குரல் வந்தது:

"மூட்டை! மூட்டைப்பூச்சி! என் ஆத்துல இருக்கறது லெக்சரர் இல்லை, மூட்டை! நாற்காலி பூரா மூட்டை, கட்டில் பூரா மூட்டை, மூட்டை, மூட்டை!"

ஒரு கணம் மழைகூட நின்றாற்போல இருந்தது. பிறகு ஜன்னலில் ராசப்பனின் தலை தெரிந்தது.

"எந்தா ஸ்வாமீ, விளிச்சோ?"

பின்னால் இன்னொரு குரல்: "எடா, மூட்ட ஸ்வாமி தன்னெத்தான் விளிக்குந்நு!"

இறவாணமே சிரித்தது. பீடிப் புகையும் சிரிப்பும் ஒன்றாக உள்ளே வந்தன. பிச்சுமணி அசையவில்லை. தலையைக் குனிந்தபடி, "ஆமாம், என் பேர்தான் அது. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவா" என்றார், யாரையும் பார்க்காமல்.

 முதலில் அசைந்தது பையன்தான். கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனான். விரல்களுக்கு நடுவில் எதையோ பிடித்து எடுத்து, எல்லாரும் பார்க்கிற மாதிரி நீட்டினான்.

"இவர்தானா லெக்சரர்?" என்றான். "வந்ததுலேர்ந்து எனக்குப் பாடம் எடுத்துண்டேயிருக்கார். மரியாதைக்குப் பேசாம இருந்தேன்."

ஸ்வர்ணலதா வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். அழுகை இல்லை, சிரிப்பு, சந்தேகம் வேண்டாம். சீதாலக்ஷ்மி மகனின் விரலுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள், மூக்கைப் பொத்தினாள், தலையில் அடித்துக்கொண்டாள், கடைசியில் அவளும் சிரித்துவிட்டாள்.

பையன் அதோடு நிறுத்தவில்லை. "அப்பா, எனக்கென்னவோ நம்மாத்து அர்ட்டிகேரியாவும் இவருக்குச் சொந்தக்காரர்தான்னு தோணறது."

"சொந்தம் என்னடா, சாட்சாத் அதேதான்!" சீதாலக்ஷ்மியின் பல வருஷக் குமுறல் பொத்துக்கொண்டு வந்தது. "கட்டிலை வெயில்ல போடுங்கோ, போடுங்கோன்னு தொண்டை வத்தக் கத்தியாச்சு. கேட்டா, 'அது பூச்சி இல்லடீ, அர்ட்டிகேரியா'வாம்! எனக்கும் அர்ட்டிகேரியா, புள்ளைக்கும் அர்ட்டிகேரியா, ஆத்துக்கு வந்து ஒரு நாள் தங்கினவாளுக்கும் அர்ட்டிகேரியா!"

வெங்கிடராமன் மெதுவாகக் குடையைக் கீழே வைத்தார். சொறிந்துகொண்டார். இப்போது பெயர் எதுவும் சொல்லாமல் சும்மா சொறிந்தார். பிறகு பிச்சுமணியின் தோளில் கையை வைத்து, "உக்காருங்கோ ஓய். எல்லாராத்துலயும் உண்டு" என்றார். அப்படிச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் உட்காரவில்லை. பாய் கொண்டுவரச் சொன்னார்.

அன்றே பிரம்பு ஸோஃபாவையும் நாற்காலிகளையும் ராசப்பன் தலையில் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோனான். மழையோ கிழையோ, இரண்டு சம்பந்தி அம்மாள்களும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெந்நீரை மாறி மாறி ஊற்றினார்கள். ஒருவருக்கொருவர் இத்தனை சீக்கிரம் பிடித்துப்போன சம்பந்திகளை மட்டாஞ்சேரி அதற்குமுன் கண்டதில்லை. ஆவணியில் கல்யாணம் நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் ராசப்பன் உட்கார்ந்து, "மூட்ட ஸ்வாமிடெ மகள்க்கு நல்லது வரட்டெ" என்று வாய்நிறைய வாழ்த்தினான். பிச்சுமணி அவன் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னார்.

அதற்குப் பிறகு பிச்சுமணி திருந்திவிட்டார் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. கல்யாணம் முடிந்து பெண் கலூருக்குப் போனாள். அன்று முதல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கூடத்தில் பாயில் உட்கார்ந்து, சமையலறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருப்பார். அங்கே பாட்டு கேட்கவில்லை. என்ன செய்கிறது என்று திரிபுரசுந்தரி கேட்டாள்.

"ஒண்ணுமில்லைடீ. இதுக்கு அனரெக்ஸியான்னு பேர்."

 "பொண்ணை நினைச்சுண்டிருக்கேள்னு சொல்லுங்கோளேன். வாய் வலிக்குமா?" என்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தார், கலூருக்கு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாமகரணர் இனத்துக்கும் உங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது தெரிந்ததுதானே. உங்கள் சோம்பலுக்கு 'ஓய்வு' என்றும், பயத்துக்கு 'முன்ஜாக்கிரதை' என்றும், மனைவி சொல்வதைக் காதில் வாங்காமலிருப்பதற்கு 'பொறுமை' என்றும் நீங்கள் பெயர் வைத்ததே கிடையாது. நல்லது. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிட்டு முடித்துக்கொள்ளலாம். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது, பாதியில் எங்கேயோ, தொடையில் லேசாக அரித்து, நீங்களும் சொறிந்துகொண்டீர்களே, அப்போது மனதுக்குள் 'எல்லாம் வெறும் பிரமை' என்று ஒரு பெயர் சொன்னீர்களா இல்லையா? எதற்கும் ஒரு நிமிஷம் எழுந்து, அந்த நாற்காலியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.